சுற்றியவர் பெயர்

சிவகாசிக்காரர்களுக்குப் பழைய சாமானின் அருமை தெரியும். ஜெர்மனியில் ஓடி ஓய்ந்த ஆப்செட் இயந்திரங்களைக் கப்பலில் வரவழைத்து, கழற்றித் துடைத்து, நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுத்த ஊர் அது. பட்டாசுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. வெடித்த சரவெடிக்கு செகண்ட் ஹேண்ட் விலை ஏது? மறுநாள் காலையில் தெருக்கூட்டுகிறவர்தான் அதன் கடைசிச் சொந்தக்காரர்.

பட்டாசைப்போலவே எலக்ட்ரிக் கிதாரில் இருக்கும் பிக்கப்பும் ஆள் உட்கார்ந்து செய்கிற சின்னச் சாமான்தான். காந்தம், அதையொட்டித் தலைமுடி கனத்தில் எனாமல் பூசிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே தந்தி அதிர்ந்தால் காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கும். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் காட்டினால் அரை நிமிடத்தில் விளங்கிக்கொள்வார். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் டீக்குத் தேறும். ஆனால் 1950களின் கடைசியில் அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி செய்த பிக்கப் ஒன்று இன்று லட்ச ரூபாயைத் தாண்டி விலைபோகிறது.

அதை வடிவமைத்தவர் சேத் லவர். 1955-இல் காப்புரிமைக்கு மனுப்போட்டார்; 1959-இல் கிடைத்தது. மனு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லும் சிறு சீட்டைக் கம்பெனி பிக்கப்பின் அடியில் ஒட்டியது. பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான். பிற்பாடு காப்புரிமை எண்ணோடு வேறு சீட்டு வந்தது. அதில் இருந்த எண்ணோ கிதாரில் தந்தி பூட்டுகிற இன்னொரு பாகத்துக்கு உரியது. போட்டிக் கம்பெனிகளை அலையவிடச் செய்த தந்திரம் என்பார்கள். இருக்கலாம், ஆபீசில் யாரோ தூங்கியிருக்கவும் கூடும். அடுத்து மல்டிமீட்டரை வைத்து ஏழெட்டு கிலோ ஓம் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். வயரைக் குட்டையாக வெட்டியிருந்தால் விலை இறங்கும். உலோக மூடியின் பழைய ஈயப்பற்று கலைந்திருந்தால் இன்னும் இறங்கும். உள்ளே இருப்பதற்குத்தான் பணம். திறந்து பார்த்தாலோ பணம் போச்சு. விருதுநகரில் மூட்டையில் ஊசி குத்தி மல்லியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து விலைபேசுகிற வியாபாரி இதைக் கேட்டால் சிரிப்பார்.

அந்தக் கால பிக்கப்புக்கு ஏன் இத்தனை கிராக்கி? ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது என்பதே காரணம். சுற்றை எண்ண ஒழுங்கான கருவி இல்லை. காயில் நிரம்பியதாகக் கண்ணுக்குத் தோன்றியபோது நிறுத்தினார்கள். கிடைத்த காந்தத்தைப் போட்டார்கள். அன்றைக்கு அது மெத்தனம். இன்றைக்கு அதுவே தொனி. இப்போது பிக்கப் செய்கிறவர்கள் அந்த ஒழுங்கின்மையைக் கணக்குப் போட்டு இயந்திரத்துக்குச் சொல்லித் தருகிறார்கள்.

கலிபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனியில் 1956-இல் வேலைக்குச் சேர்ந்தவர் அபிகெயில் இபாரா. 2013-இல் ஓய்வுபெறும்வரை காயில் சுற்றியவர். தன் பெயரின் முதலெழுத்துகளை பிக்கப்பின் அடியில் எழுதுவார். தொழிற்சாலையில் பெயரெழுதச் சொல்வது பெரும்பாலும் பாராட்டுவதற்கல்ல, பழுது வந்தால் ஆளைப் பிடிப்பதற்கு. ஆனால் காலம் போகப்போக அந்த எழுத்துகள் இருக்கும் பிக்கப்பைத் தேடி வாங்க ஆள் கிளம்பினார்கள். விற்கிறவர் அந்த எழுத்துகளை நெருக்கத்தில் படம் பிடித்துக் காட்டுகிறார். கூலிக்குச் சுற்றிய கையின் அடையாளம் பண்டத்தின் விலையை ஏற்றுவது தொழில் உலகில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது?

நம் பக்கத்திலும் சேகரிப்பவர்களுக்குப் பிடித்த பழைய சாமான் ஒன்று உண்டு: தீப்பெட்டி லேபிள். சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923 வாக்கில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்குத் துணையாகத்தான் அச்சகங்கள் வந்தன. அந்த வழியில் வந்த லேபிள்களை வெளிநாட்டிலும் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். லேபிளில் மார்க்கு இருக்கும், கம்பெனிப் பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும். குச்சி அடுக்கியவர் பெயருக்கு இடம் விட்டதில்லை.

பட்டாசிலும் அப்படியே. பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர் உண்டு. திரி வைத்தவரும் சரம் பின்னியவரும் குரோஸ் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஆலை வண்டியில் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தில் ஒருவருக்கொருவர் வித்தியாசம் இல்லாமலா இருக்கும்? அதை ரசிக்க ஒருவரும் இல்லை, ரசிக்கவும் முடியாது. பிக்கப்பில் கை கொஞ்சம் பிசகினால் தொனி மாறும். மருந்து கலக்கிற இடத்தில் பிசகினால் அறையே இருக்காது.

அப்போதுதான் பெயர் அச்சாகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, பிறகு ஊர்: பத்திரிகையில் அந்த வரிசை மாறுவதே இல்லை. ‘உராய்வு காரணமாக’ என்ற வார்த்தையும் மாறுவதில்லை. உராய்வுக்கு வயதும் ஊரும் கிடையாது என்பது எல்லாருக்கும் வசதி.

ஓர் அறையில் இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று விதி இருக்கிறது. நாக்பூரில் இருக்கும் மத்திய வெடிபொருள் துறையிடம் லைசென்ஸ் வாங்கியவர் ஆலையை உள்குத்தகைக்கு விட, குத்தகைக்காரர் அறைக்கு உரிய அளவுக்கு மேல் ஆள் சேர்ப்பதும், மரத்தடியில் உட்காரவைப்பதும் விபத்துக்குப் பின்னான விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிவந்த சங்கதி. அதிகாரி வந்து, அன்றைக்கு உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார். அப்படிச் சேர்த்த ஆட்களின் பெயரை ஆலை வருகைப்பதிவேட்டில் தேடிப் பயனில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் உறவுக்காரர்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.