முன்னின்மையும் காப்புரிமையும்

இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றுமா, அல்லது தோன்றுவதெல்லாம் முன்பே உள்ளதன் வெளிப்பாடுதானா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள் வாதிட்டு வந்த கேள்வி. இதே கேள்வி மடங்களையும் பாடசாலைகளையும் விட்டு வெகு தொலைவில், சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில், வேறொரு மொழியில் நாள்தோறும் கேட்கப்படுகிறது. ஒரு கருவியையோ செய்முறையையோ கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஒருவருக்கு, அதைப் பிறர் அனுமதியின்றிச் செய்யாமல் தடுக்கும் உரிமையை 20 ஆண்டுகளுக்கு அரசு வழங்குவதே காப்புரிமை. அதை வழங்குமுன், அந்தப் பொருள் இதற்கு முன் இருந்ததில்லை என்று ஒரு தேர்வாளர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று இருந்ததை அறிவது எளிது. இருந்ததில்லை என்பதை மனிதர் எவ்வாறு அறிவர் என்பதே இங்கு எழும் சிக்கல்.

இதை ஆராய, மெல்லிய படலம் படிவிக்கும் தொழில்நுட்பத்தில் வாயுவைக் கொண்டுசேர்க்கும் கருவிகள் பொருத்தமான களம். குறைகடத்திச் சில்லுகளிலும் சூரிய ஒளி மின்தகடுகளிலும், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியச் செய்ய வேண்டும். வீட்டுக் கூரைகளில் காணும் சிலிக்கான் மின்தகடுகளின் நீல நிறம் கூட, சைலேன், அம்மோனியா என்னும் இரு வாயுக்கள் வினைபுரிந்து படிந்த சிலிக்கான் நைட்ரைடு படலத்தினால் வருவதே. சைலேன் காற்றுப் பட்டவுடன் தானே தீப்பற்றக்கூடியது என்பதால், சிலிண்டரிலிருந்து வினைக்கலம் வரையுள்ள குழாய், வால்வு, பாய்வின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி, இறுதியில் பூவாளியின் முகம்போல நுண்துளைகள் கொண்ட தட்டு ஆகிய ஒவ்வொன்றும் மிகுந்த கவனத்துடன் வடிவமைக்கப்படுகின்றன. துளைகளின் விட்டம் சற்றுப் பிழைத்தால் படலம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். திருவள்ளூர் மாவட்டத்தை அடுத்துள்ள ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலையில், காட்மியம் டெல்லுரைடு என்னும் சேர்மம் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிவிக்கப்படுகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும், அவற்றைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும், வாயுக் குழாயை வளைத்துப் பற்றவைத்து அழுத்தம் பார்க்கும் கைத்திறன் நெடுநாளாகப் புழங்கி வருகிறது. இப்பகுதியிலிருந்து ஒருவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரினால், அந்த விண்ணப்பம் செல்லுமிடம் கிண்டி அலுவலகமே.

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், கண்டுபிடிப்பு என்பதைப் புதியதும், ஆக்கப் படி உடையதும், தொழிலில் பயன்படக்கூடியதுமான பொருள் அல்லது செய்முறை என்று வரையறுக்கிறது. ஆக்கப் படி என்பது, முன்பிருந்த அறிவைக் காட்டிலும் நுட்பத்தில் முன்னேறியதாகவோ பொருளாதார மதிப்புடையதாகவோ இருந்து, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்குத் தாமாகவே எளிதில் தோன்றிவிடாத கூறு. சட்டம் பேசும் இந்தப் புதுமை, நியாய வைசேடிகரின் ஆரம்பவாதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. நூலிழைகளிலிருந்து நெய்யப்பட்ட துணி, இழைகளின் தொகுதி அன்று, அவற்றில் புதிதாகத் தோன்றிய வேறொரு பொருள் என்றும், அது தோன்றுமுன் அதன் முன்னின்மை, அதாவது பிராகபாவம், இருந்தது என்றும் அவர்கள் கொண்டனர். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இதை மறுத்தனர். களிமண்ணில் குடம் நுண்ணிய நிலையில் இல்லாவிடில் எந்தக் குயவனாலும் அதைத் தோற்றுவிக்க இயலாது என்பது சற்காரியவாதம். குயவனும் சக்கரமும் செய்வது உள்ளதை வெளிப்படுத்துவதே. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசரும், காரணப் பொருளே வேறு நிலையை அடைவதுதான் காரியம் என்று கொண்டார். திடநிலையிலிருந்து ஆவியாகவும் ஆவியிலிருந்து படலமாகவும் நிலை மாறும் ஒரே சேர்மத்தை, அவர் பிறந்த ஊரை அடுத்த ஆலை ஒன்று இன்று கையாள்கிறது என்பது தற்செயலே ஆயினும், அவருடைய கருத்தை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சற்காரியவாதம் உண்மையானால் காப்புரிமைக்கு இடமே இல்லை என்று தோன்றலாம். எல்லாம் முன்பே உள்ளதாயின் எதைப் புதியது என்பது? ஆனால் இங்கே இரு வேறு உள்ளிருப்புகள் குழம்பிவிடுகின்றன. பொருளில் உள்ளுறைந்திருப்பது ஒன்று. அறிவில் உள்ளுறைந்திருப்பது வேறொன்று. சைலேன் சிதைந்து சிலிக்கான் படிவது அவ்வாயுவின் இயல்பில் என்றும் இருந்தது, அதை எவரும் தமதாக்கிக்கொள்ள முடியாது. இயற்கையில் உள்ளதையோ அறிவியல் விதியையோ கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பாகாது என்று சட்டத்தின் 3(சி) பிரிவு விலக்குவதும் இதனாலேயே. அந்த இயல்பை ஒரு குறிப்பிட்ட வழியில் வெளிப்படுத்தும் உபாயம் மனித அறிவில் முன்பே இருந்ததா என்பதைத்தான் தேர்வாளர் கேட்கிறார். குடம் மண்ணில் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டும், சக்கரம் எந்தக் குயவனின் மனத்திலும் அதுவரை இல்லை என்று ஒரு சித்தாந்தி சொல்லலாம். ஆகவே இரு தரிசனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் சட்டத்துக்கு இல்லை. பொருளைப் பற்றிச் சித்தாந்தத்தையும், அறிவைப் பற்றி நியாயத்தையும் அது ஒருங்கே கைக்கொள்கிறது.

நியாயத்தின் துணி எடுத்துக்காட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. இழைகள் துணிக்குச் சமவாயி காரணம், அதாவது துணி நீங்காது தங்கியிருக்கும் காரணம். இழைகளின் சேர்க்கை அசமவாயி காரணம். சேர்க்கை வெறும் குவிப்பாயின் துணி பிறக்காது. தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்த வழியிலேயே இயங்கும்படி, அடுக்கியோ மாற்றி அடுக்கியோ வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்னும் 3(எஃப்) பிரிவு இதே வேறுபாட்டின்மேல் நிற்கிறது. கற்பனையாக ஒரு விண்ணப்பத்தைக் கொள்ளலாம்: திரவத்திலிருந்து ஆவியாக்கிய ஒரு சேர்மம் வழியில் குளிர்ந்து மீண்டும் திரவமாகிவிடாதபடி, வினைக்கலத்தை நெருங்க நெருங்கக் குழாயின் வெப்பம் படிப்படியாக உயருமாறு அமைத்த ஒரு கருவி. சூடாக்கிய குழாய் தெரிந்தது, வெப்பத்தை அளக்கும் உணரி தெரிந்தது, வால்வு தெரிந்தது. இவை அருகருகே இருந்து தத்தம் வேலையை மட்டும் செய்தால் அது குவியல். உணரியின் அளவீட்டினால் வால்வின் திறப்பு மாறி, அதனால் எந்த உறுப்பும் தனித்துத் தராத சீரான படலம் கிடைக்குமானால், அங்கே உறுப்புகளுக்கு மேற்பட்ட ஒரு முழுமை, நியாயத்தார் அவயவி என்று சொல்வது, தோன்றியிருக்கிறது. முழுமை என்று ஒன்று தனியே இல்லை, உறுப்புகளே உள்ளன என்று பௌத்தர் எழுப்பிய மறுப்பும், விண்ணப்பத்தை ஏற்க மறுக்கும் தேர்வறிக்கைகளின் வாதமும் ஒரே வடிவம் கொண்டவை.

தத்துவ நூல்களின் குடத்தைப் போலவே, இந்தியக் காப்புரிமை வழக்குகளில் அடிப்படையானதாகக் கருதப்படும் ஒன்றும் பாத்திரத்தைப் பற்றியது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்னும் நிறுவனத்துக்கும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் இடையே, உலோகப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து மெருகிடும் ஒரு சாதனம் குறித்து எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பட்டறையில் வேலை நடக்கும்போது இயல்பாகவே செய்யப்படும் சிறு மேம்பாட்டைக் கடந்து நிற்பதே கண்டுபிடிப்பு என்றும், பழைய உறுப்புகளின் சேர்க்கையானால் அது புதிய விளைவையோ மேலான அல்லது மலிவான பொருளையோ தர வேண்டும் என்றும் கூறி, அந்தக் காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இனி தொடக்கத்தில் எழுந்த சிக்கலுக்கு, அதாவது இன்மை எவ்வாறு அறியப்படும் என்பதற்கு, திரும்பலாம். தரையில் குடம் இல்லை என்னும் அறிவு காட்சியால் வருவதன்று, காணாமையே ஒரு தனி அளவை, அதாவது அறியும் வழி, என்று மீமாம்சகருள் பாட்டர் என்னும் பிரிவினர் கொண்டனர்; காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையே சிறப்பாகக் கொண்ட சைவ சித்தாந்தமும், அபாவம் என்னும் பெயரில் அதை அறிந்தே விவாதித்தது. ஆனால் எந்தக் காணாமையும் இன்மைக்குச் சான்றாகிவிடாது. இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்னும் தகுதி இருந்தால்தான் காணாமை சான்றாகும். ஒளியுள்ள அறையில் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை, ஆனால் பிசாசு தென்படவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று ஆகிவிடாது என்பது நூல்கள் தரும் விளக்கம். காப்புரிமைத் தேர்வின் அறிவுநிலையை இதனினும் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. வாயுவை வினைக்கலத்துக்குள் செலுத்தும் முறைகளுக்குப் பன்னாட்டு வகைப்பாட்டில் சி23சி 16/455 என்னும் குறி உண்டு. தேர்வாளர் அந்தக் குறியின்கீழ் உலகம் முழுவதிலும் வெளிவந்த ஆவணங்களைத் தேடி, ஒன்றும் கிடைக்காதபோது புதுமை என்று எழுதுகிறார். அந்தத் தேடல் ஒளியுள்ள அறையா இருண்ட அறையா என்பதைப் பொறுத்தே அவருடைய காணாமைக்கு மதிப்பு.

அறை இருண்டிருக்கக்கூடும் என்பதற்கு இதே துறையின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இரு வாயுக்களை ஒருங்கே செலுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிப்புகளாகச் செலுத்தி, இடையில் கலத்தைத் தூய்மை செய்து, ஒவ்வோர் அணு அடுக்காகப் படலத்தை வளர்க்கும் முறையைப் பின்லாந்தின் துவோமோ சுன்டோலா 1974இல் உருவாக்கினார். அமெரிக்கக் காப்புரிமை 1977இல் கிடைத்தது. ஆனால் 1960களிலேயே லெனின்கிராடில் அலெஸ்கோவ்ஸ்கியும் கோல்ட்சோவும் மூலக்கூறு அடுக்கல் என்னும் பெயரில் இதே நெறியில் ஆய்ந்து வந்தனர். ரஷ்ய மொழியில் நடந்த அந்த ஆய்வு மேற்குலகில் வெகு காலம் பரவலாக அறியப்படவில்லை. சுன்டோலாவின் ஆக்கத்தை இது சிறிதும் குறைப்பதன்று, ஏனெனில் அவர் தாமே சிந்தித்து, தொழிலில் நிலைபெறும் கருவியாக அதை ஆக்கிக் காட்டினார். ஓர் அறிவில் இல்லாதது இன்னோர் அறிவில் இருக்கலாம் என்பதும், உலக அறிவு என்று ஒரே உள்ளம் எங்கும் இல்லை என்பதுமே இந்த நிகழ்வு காட்டுவது.

முன்பிருந்த அறிவின் நடுவே புதுமையை எவ்வாறு மதிப்பது என்னும் சிக்கலைத் தமிழ் இலக்கண மரபு நூலாக்கத்தில் வைத்துச் சிந்தித்திருக்கிறது. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்து, முன்னோர் நூலோடு உடன்பட்டும் தன் கருத்தால் வேறுபட்டும் வருவதற்கு மதிப்புள்ள ஓர் இடத்தை அளிக்கிறது. புதுமை என்றால் முதல்நூல், இல்லையேல் ஒன்றுமில்லை என்று அது தீர்த்துவிடவில்லை. நூலுக்கு அது சொல்லும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்க வைத்தல் ஆகிய நான்கும், உரிமைக்கோரல் தெளிவாகவும் சுருக்கமாகவும் விவரிப்பில் வேரூன்றியும் இருக்க வேண்டும் என்னும் சட்டத்தின் 10ஆம் பிரிவுக்கு உரை எழுதினாற்போல் இருக்கின்றன. இந்தச் சொற்களைக் கொண்டே காப்புரிமைத் தேர்வைத் தமிழில் கற்பித்துவிட முடியும். அது இதுவரை பரவலாகச் செய்யப்படாதது வருந்தத்தக்கது.

இன்மையின் அறிவு இத்தனை நொய்தானது என்பதை இந்தியச் சட்டம் தானே ஒப்புக்கொண்டிருக்கிறது. தேர்வும் தேடலும் எந்தக் காப்புரிமையின் செல்லுபடிக்கும் உறுதி ஆகமாட்டா என்று 13(4) பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவரும் பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றவருமான ந. இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம். நாட்டின் காப்புரிமைகளில் பெரும்பகுதி அயல்நாட்டாரிடம் இருந்த காலத்தில், உரிமையை எளிதில் கொடுத்துவிடலாகாது என்னும் கவலை அதில் ஓங்கி நின்றது. உரிமையின் கால எல்லையையும் இங்கே கருதலாம். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு முதலாம் இராசேந்திரன் பழையனூரைக் கொடையாக அளித்த செப்பேடு போன்ற அரசாணைகள், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு வெட்டப்பட்டவை. காப்புரிமையும் அரசு தரும் கொடையே ஆயினும் 20 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. இது கஞ்சத்தனம் அன்று, கண்டுபிடித்தவர் குயவனைப் போன்ற நிமித்த காரணம் மட்டுமே, மண் போன்ற முதற்காரணமோ கருவி போன்ற துணைக்காரணமோ அவருடையது அல்ல என்பதற்குப் பொருத்தமான அளவு. உயிர் இறைவன் அறிவிக்க அறியும் இயல்புடையது என்று கொள்ளும் சித்தாந்திக்கு, அந்த நிமித்தமும் அவருக்கு மட்டுமே உரியதன்று.

காப்புரிமை வழங்கப்படுமுன் யாரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்று 25(1) பிரிவு இடமளிக்கிறது; இந்தியாவில் முன்பே பொதுவில் அறியப்பட்டதோ பயன்பட்டதோ என்பதும் அதற்குரிய காரணங்களில் ஒன்று. தேர்வாளரின் ஒளி எட்டாத மூலைகளுக்குப் பிறருடைய கண்களைச் சட்டம் அழைப்பதாகவே இதைக் கொள்ள வேண்டும். ஆனால் வெப்பம் படிப்படியாக ஏறுமாறு குழாயை அமைப்பதைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபிட்டர் தம் மேஸ்திரியிடம் வாய்மொழியாகக் கற்றிருந்தால், ஆலைச் சுவருக்குள் நிகழ்ந்த அந்தப் பழக்கம் பொது அறிவாகக் கொள்ளப்படுமா என்பதே ஐயத்துக்குரியது. அதை எழுத்தில் கொண்டுவர அவர் துணிந்தாலும், கிண்டி அலுவலகத்தில் ஆவணங்கள் பொதுவாக ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்குத் தெரிந்தது தேர்வாளரின் தேடலில் தென்படுவதில்லை. தென்படாததனாலேயே அது இல்லாததாக எழுதப்படுகிறது.