கூடப் போறவங்க எதைப் பார்க்கணும்?



இந்த வாரம் ஸ்தல வரலாறு இல்ல, விரத முறையும் இல்ல. ஒரு கேள்வி. கல்யாணம் ஆனவங்களுக்கு உடனே புரியும், ஆகாதவங்க சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

நமக்குப் பெரிய ஆசை இல்லாத ஒரு இடத்துக்கு, ஆசைப்பட்டவங்களுக்காகக் கூடப் போறோம். அங்க நாம என்ன செய்யணும்? பிடிச்ச மாதிரி காட்டிக்கணுமா? பிடிக்கலன்னு உண்மையைச் சொல்லணுமா? சும்மா பக்கத்துல நின்னா போதுமா?

நான் திண்டுக்கல் பக்கம். இருபத்தேழு வயசு வரைக்கும் நான் போன வெளியூர்ப் பயணம் எல்லாமே கோயில் பயணம்தான். அப்பா கூட பழனி பாதயாத்திரை, சொந்தக்காரங்க கூட வேன் வச்சு ஆறுபடை வீடு, நண்பர்களோட திருச்செந்தூர். கோயில் பயணத்துக்கு ஒரு நடு இருக்கு. செருப்பை எங்க விடணும், எந்த வரிசை, நடை எப்ப சாத்துவாங்க எல்லாம் அத்துப்படி. தரிசனம் ஆச்சுன்னா பயணம் முடிஞ்சுது. மத்ததெல்லாம், அந்தப் பஞ்சாமிர்தம் உட்பட, கூடுதல்.

ஊர் சுத்திப் பார்க்கிறதுல அந்த நடு கிடையாது. ஒரு கட்டடத்துக்கு முன்னாடி போய் நின்னா, 'பார்த்தாச்சு'ன்னு எப்ப சொல்றது? மணி அடிச்சு யாரும் தீபாராதனை காட்டப் போறதில்ல. பழக்கம் இல்லாதவனுக்கு முதல் குழப்பமே இதுதான். காசு, பாஸ்போர்ட், சாப்பாடு எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

என் மனைவி நேர் எதிர். அவங்க அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகும் வேலை. புது ஊருக்குப் போனா முதல் நாளே தெருத் தெருவா நடந்து பார்க்கிற குடும்பம். பழைய கட்டடம்னா உயிர். சம்பளத்துல இருந்து மாசா மாசம் தனியா எடுத்து வச்சு, கோலாலம்பூருக்கு நாலு நாள் பயணம் போட்டா. எனக்கு அதுதான் முதல் வெளிநாடு. கிளம்பும்போது ஒரு பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "என்னப்பா, பொண்டாட்டி பின்னாடியே கிளம்பிட்டியா"ன்னார். நம்ம ஊர்ல 'பின்னாடி போறது' ஒரு கேலி. பெண்கள் காலங்காலமா செஞ்ச அதே வேலையை ஆம்பளை செஞ்சா மட்டும் கேலி ஆகுது, அதைக் கவனிச்சீங்களா?

இப்ப கேள்விக்கு வரேன்.

கூடப் போறவங்க பலர் எடுக்கிற முதல் நிலை, "எனக்கு ஒண்ணும் இல்ல, உன் இஷ்டம்". கேட்க ரொம்ப அன்பா இருக்கும். விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கும். ஆனா அந்த ஒரு வார்த்தையில எவ்வளவு வேலை கை மாறுதுன்னு பாருங்க. எந்த இடம், எந்த ரயில், டிக்கெட் எத்தனை மணிக்கு, மழை வந்தா என்ன பண்றது, சைவச் சாப்பாடு எங்க கிடைக்கும், எல்லாம் ஒருத்தர் தலையில. அதைவிடப் பெருசு இன்னொண்ணு இருக்கு. எதையுமே தேர்ந்தெடுக்காதவன் எதுலயும் தப்புப் பண்ண முடியாது. போன இடம் பூட்டியிருந்தா அது தேர்ந்தெடுத்தவங்க தப்பு. வெயில் கொளுத்தினாலும் அவங்க தப்பு. கைக்காசு செலவில்லாம நல்லவன் பேர்!

இதைத் தயவுசெஞ்சு சரணாகதியோட சேர்த்துப் பேசாதீங்க. சரணாகதியில நம்மளையே கொடுத்துடறோம். 'உன் இஷ்டம்'ல வேலையை மட்டும் கொடுத்துட்டு, குறை சொல்ற உரிமையை நம்ம கையில வச்சுக்கிறோம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

ரெண்டாவது நிலை நடிப்பு. "வாவ், செம, சூப்பர்." இதுல பாவம் என்ன, எதிராளி சந்தோஷத்துக்குத்தானேன்னு கேட்கலாம். சின்ன மரியாதைக்காகச் சொல்ற ஒரு 'நல்லா இருக்கு'ல பாவம் இருக்கிறதா நானும் நினைக்கல. ஆனா நாலு நாளும் அதுவேன்னா பிரச்னை வேற. எங்க வேலையில, என்ன கோடு எழுதினாலும் பாஸ் ஆகிற டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும். பார்க்கப் பச்சையா அழகா இருக்கும், ஆனா அதனால யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்காது. எல்லாத்துக்கும் 'சூப்பர்' சொல்ற துணையும் அப்படித்தான். உனக்கு எது பிடிக்கும்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ரெண்டு பேர் போன பயணத்துல அவங்க தனியாத்தான் இருப்பாங்க.

மூணாவது, போனுக்குள்ள போயிடறது. அதுக்கு விளக்கம் தேவையில்ல.

நாலாவது ஒண்ணு இருக்கு, நம்ம ஆளுங்களுக்கே உரியது. எதைக் காட்டினாலும், "நம்ம மீனாட்சியம்மன் கோயில் முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்றது. பெருமை சரிதான். ஆனா இது பார்க்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதுறது. மலைக்குப் போனவன் அங்க கடலைத் தேடினா மலையும் தெரியாது, கடலும் கிடைக்காது.

அதுக்காக ஒப்பிடவே கூடாதுன்னு சொல்லல. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் இருக்கே, 452 மீட்டர், 88 மாடி. அதைப் பார்த்ததும் எனக்கு 'உயரமா இருக்கு'ங்கிறதைத் தவிர ஒண்ணும் தோணல. அவதான் சொன்னா, அதோட தரைப்படம் ஒரு சதுரத்து மேல இன்னொரு சதுரத்தைத் திருப்பி வச்ச எட்டு முனை நட்சத்திரம், இஸ்லாமியக் கலையில வர்ற வடிவம்னு. முனைகளுக்கு நடுவுல வளைவு சேர்த்து இடத்தைப் பெருசாக்கியிருக்காங்களாம். வடிவமைச்சவர் சீசர் பெல்லி. சட்டுன்னு எனக்கு நம்ம அறுகோணம் ஞாபகம் வந்துது. ரெண்டு முக்கோணம் ஒண்ணு மேல ஒண்ணு. நான் அதைச் சொன்னேன், அவ நின்னு யோசிச்சா. இதுவும் ஒப்பீடுதான். ஆனா முதல்ல சொன்னது கதவைச் சாத்துற ஒப்பீடு, இது திறக்கிற ஒப்பீடு.

ரெண்டாம் நாள் கொஞ்சம் கஷ்டம். கோம்பாக், கிள்ளான்னு ரெண்டு ஆறு ஊர் நடுவுல சேருது. கோலாலம்பூர்னாலே சேறான சங்கமம்னு அர்த்தம். 1857-ல ஈயம் தோண்ட வந்தவங்க படகுல வந்து இறங்கின இடம், ஊரே அங்கிருந்துதான் ஆரம்பம். சேர்ற முனையில 1909-ல கட்டின மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா. எதிர்க்கரையில என் மனைவி நிக்கிறா. பத்து நிமிஷம். இருபது. நாற்பது. வெயில். எனக்குத் தெரியறது கலங்கின தண்ணி, ஒரு பள்ளிவாசல். அவ்வளவுதான்.

"இதுல அப்படி என்ன இருக்கு?"

தமிழ்ல இந்த வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. குரலை ஒரு மாதிரி வச்சுக் கேட்டா குத்தல். வேற மாதிரி கேட்டா நிஜமான கேள்வி, 'எனக்குத் தெரியல, உனக்குத் தெரியறதைச் சொல்லு'ங்கிற கேள்வி. எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான். நான் கேட்டது ரெண்டாவது மாதிரி. அவ சொன்னா: "முதல்ல தரையைப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஆறு, நடுவுல அந்த மூக்கு மாதிரி மண்ணுல எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. அப்புறம் மெதுவா மேல போங்க, குவிமாடம் கடைசியில." நம்ம எழும்பூர் ஸ்டேஷன் திறந்தது 1908, இது அடுத்த வருஷம், ரெண்டுலயும் அதே இந்தோ சாரசெனிக் சாயல்னும் சொன்னா. எழும்பூர் ஸ்டேஷனை நூறு தடவை பார்த்திருப்பேன், பிளாட்பாரம் நம்பர் தேடுற அவசரத்துல.

அதுக்கப்புறம் எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னு எழுதினா கதை நல்லா இருக்கும். பிடிக்கல. இன்னைக்கும் அந்த நாற்பது நிமிஷம் நீளம்தான். ஆனா சலிப்பு இருந்தும் பார்க்க முடிஞ்சுது, இதுதான் எனக்குப் புதுசு. பிடிக்கிறது நம்ம கையில இல்ல, கவனிக்கிறது நம்ம கையில இருக்கு. கூடப் போறவன் கிட்ட ஒருத்தர் நியாயமா எதிர்பார்க்கக்கூடியது அந்த ரெண்டாவதைத்தான்னு நினைக்கிறேன். ருசியை வாக்குக் கொடுக்க முடியாது, கவனத்தைக் கொடுக்கலாம். "எனக்கு இது அவ்வளவா ஒட்டல, ஆனா நீ சொல்லு"ன்னு சொல்ற ஆள் பொய்யும் சொல்லல, விட்டுட்டும் போகல.

இதுக்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் சொன்னார்: "எதுக்கு இவ்வளவு சிரமம்? நாங்க ஊருக்குப் போனா அவங்க மியூசியம் போவாங்க, நான் ரூம்ல தூங்குவேன், சாயங்காலம் சேர்ந்து சாப்பிடுவோம். ரெண்டு பேருக்கும் நிம்மதி." இதுல நேர்மை இருக்கு. 'உன் இஷ்டம்'னு சொல்லிட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கிறதைவிட ஆயிரம் மடங்கு மேல். எங்களுக்கும் ஒரு மதியம் அப்படித்தான் போச்சு, அருமையான தூக்கம். ஆனா எல்லாமே அப்படின்னா ஒண்ணு விட்டுப் போகுது.

மாம்பழக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அதை வச்சு அம்மா அப்பாதான் உலகம்னு சொல்வோம், சரிதான். எனக்கு அந்தக் கதையில வேற ஒரு இடம் உறுத்தும். என் அப்பன் மயில் மேல ஏறி உலகம் முழுக்கச் சுத்திட்டு வரார். எத்தனை கடல், எத்தனை மலை, எத்தனை ஊர்! வந்து இறங்கினதும் பழம் யாருக்குங்கிற பேச்சுதான். நான் கேட்ட எந்தக் கதாகாலட்சேபத்துலயும், "குழந்தே, போன வழியில என்னடா பார்த்தே?"ன்னு யாரும் கேட்டதா வரல. பழம் போனதுக்குக் கோபம்னு சொல்றோம். அந்தக் கேள்வி வராததுக்கும் கொஞ்சம் இருந்திருக்குமோன்னு சின்ன வயசுல இருந்தே எனக்கு ஒரு நினைப்பு. சாஸ்திரம் இல்ல, ஒரு பக்தனோட கற்பனை. தப்பா எடுத்துக்காதீங்க.

பார்த்ததைச் சொல்ல ஒரு ஆள் வேணும். 'முருகன் துணை'ன்னு வண்டிக்குப் பின்னாடி எழுதுறோமே, அந்தத் துணை ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதில்ல. வழியை மாத்தச் சொல்றதும் இல்ல. கூடவே, முழிச்சிட்டு இருக்கார்ங்கிற நம்பிக்கைதான். அவர்கிட்ட எதிர்பார்க்கிறதுல ஒரு துளியாவது பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்கு நாம கொடுக்கணும் இல்லையா?

நாலாம் நாள் பத்துமலை. அது நான் கேட்ட இடம். கேஎல் சென்ட்ரல்ல ரயில் ஏறினா நேரா கொண்டு போய் விடுது. 140 அடி முருகன், 2006 ஜனவரியில திறந்தது, தங்க நிறத்துல நிக்கிறார். பக்கத்துல 272 படி, 2018-ல கலர் கலரா பெயின்ட் அடிச்சது. அந்தக் குகையில முருகனை வச்சது தம்புசாமிப் பிள்ளை, 1892-ல இருந்து தைப்பூசம் நடக்குது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்ப வழிகாட்டி நான், கூட வர்றவ அவ.

அவளுக்குச் சாமி நம்பிக்கை உண்டு, ஆனா கோயில்னா உருகுற ஆள் இல்ல. அவ உருகுற மாதிரி நடிக்கல. குரங்கு பறிக்காம இருக்க என் அர்ச்சனைப் பையைத் துப்பட்டாவுக்குள்ள வச்சு 272 படியும் தூக்கிட்டு வந்தா. மேல போனதும் கேட்டா, "ஏங்க, சாமியை எப்படிப் பார்க்கணும்? நேரா முகத்தையா?" எங்க பாட்டி சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன்: முதல்ல பாதம், அப்புறம் மெதுவா மேல, முகம் கடைசியில. "அட, கட்டடம் பார்க்கிற மாதிரியேதான்"னு சொல்லிட்டு அப்படியே பார்த்தா. தரிசனம் முடிஞ்சு நான் கண்ணை மூடி நின்ன நேரத்துல அவ அண்ணாந்து குகைக் கூரையைப் பார்த்துட்டு இருந்தா. பின்பக்கம் கூரை திறந்து வானம் தெரியுது. அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு சுமார் 40 கோடி வயசு, ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்ததுன்னு படிச்சுட்டு வந்திருந்தா. முருகன் வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு வீடு ரெடியா இருந்திருக்குன்னு நான் சொன்னேன். சிரிச்சா.

அடுத்து சுவாமிமலை போலாம்னு இருக்கோம், அதுவும் என் லிஸ்ட்தான். அங்க 60 படி, 60 தமிழ் வருஷத்தோட பேர்னு சொன்னதும் அவளுக்கு ஆர்வம் வந்துடுச்சு. அவ பிறந்தது ஈஸ்வர வருஷம். பிரபவ முதல் எண்ணினா பதினொண்ணாவது. அந்தப் படி கிட்ட எவ்வளவு நேரம் நிப்பான்னு தெரியல. கூட்டம் இல்லாத நாளா பார்த்துட்டு இருக்கேன்.