செய்ந்நன்றியும் பிறர் பொருளும்

வட வேல்ஸில் கான்வி ஆற்றங்கரையிலுள்ள குவிதிர் மாளிகையில் வாழ்ந்த வின் வம்சத்தாருக்குப் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்து, இன்று அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் கடிதங்களுள், மகனுக்கு ஓர் உத்தியோகம், தமக்கு ஒரு சிபாரிசு என்று தயவை வேண்டி எழுதப்பட்டவை பல. பிரபுக்களின் ஆதரவின்றி எளியவன் தலையெடுக்க வழியில்லாத காலத்தில் அவ்வாறு கேட்டதில் இழிவு ஒன்றுமில்லை. பெற்ற உதவிக்கு எதைக் கொண்டு கைம்மாறு செய்வது என்ற வினாவே தர்மசங்கடமானது.

அவ்வினா வில்லியம் மார்கன் முன் மிகக் கடுமையாக வந்து நின்றது. குவிதிர் பண்ணையின் குடியானவருக்கு மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, 1588இல் வேதாகமம் முழுவதையும் வேல்ஷ் மொழியில் வெளியிட்ட அம்மகான், 1601இல் செயின்ட் அசாப் அத்தியட்சரானார். ஈராண்டுகளில் சர் ஜான் வின், லான்ரூஸ்ட் சபையின் தசமபாக வருமானத்தைத் தமக்குக் குத்தகைக்கு விடுமாறு கேட்டார். திருச்சபையையும் போதகர்களையும் வஞ்சிப்பதாகும் என்று கூறி, மனசாட்சியின் பேரில் மார்கன் மறுத்தார். அவருடைய உயர்வுக்குத் தாம் செய்த உபகாரங்களையெல்லாம் எடுத்துரைத்து, நன்றி கெட்டவர் என்று வின் சினந்தார்.

வின்னின் மனத்தாங்கலை வெறும் பேராசை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. லான்ரூஸ்டில் ஏழைகளுக்கு விடுதியும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பின்னாளில் நிறுவியவர் அவரே. செய்ந்நன்றி மறத்தல் எத்தேசத்திலும் பாதகந்தான். ஆயினும் ஒருவன் தன் பொருளையும் உழைப்பையும் கல்வியையும் கொண்டு கடன் தீர்க்கலாமேயன்றி, தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருளை எடுத்துக் கொடுத்து நன்றியுள்ளவன் என்று பெயர் வாங்குவானாகில், அந்த நன்றிக்கு விலை கொடுப்பவர்கள் உழுது விளைத்த தானியத்தில் பத்திலொரு பங்கை ஆலயத்துக்கென்று அளந்த குடியானவர்களே ஆவர். மேலும், தகுதியுடையவர் என்று ஒருவரைப் பதவிக்கு உயர்த்தியவருக்கு, அப்பதவியில் தகுதி குன்றாமல் நடப்பதினும் மேலான கைம்மாறு எது? மார்கன் மறுத்தது தர்மமே.

அவர் 1604இல் காலமானார். கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் வல்ல நல்ல வித்துவான், பாழடைந்து கிடந்த செயின்ட் அசாப் பேராலயத்தின் திருமுற்றப் பகுதிக்குக் கூரை வேய்ந்தவர், ஏழையாகவே இறந்தார் என்று பின்னர் எழுதிவைத்தவர் அந்த ஜான் வின்தான்.