எவ்வளவு கொடுத்தால் போதும்?

ஜகாத் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் குழப்பம் இல்லை. குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. மதரஸாப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். கையிருப்பில் நாற்பதில் ஒரு பங்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவருக்கு எவ்வளவு கிடைத்தால் அவர் தேவை தீரும் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் எனக்கு இதைவிடப் பெரிய மார்க்கக் கேள்வி வேறு தெரிவதில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர். பள்ளியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஜமாஅத்தின் கல்வி உதவிக் குழுவுக்காகப் பெண்பிள்ளைகளின் செலவுக் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன். குழுவின் படிவத்தில் ‘கல்விக் கட்டணம்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. ரசீதைப் பார்ப்பார்கள், ஆளுக்குப் பத்தாயிரம் என்று ஒதுக்குவார்கள், துஆ செய்து கலைவார்கள்.

போன ஆண்டு வந்த ஒரு பெண்ணுக்கு மதுரைப் பக்கம் தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங் மூலம் இடம் கிடைத்திருந்தது. வாப்பா வளைகுடாவில் சம்பாதித்த காலத்தில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்தவள்; அவர் நோயாளியாகத் திரும்பிய பிறகுதான் அரசுப் பள்ளிக்கு மாறினாள். அதனால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் அவள் வரவில்லை. அதில் வந்திருந்தால் படிப்புக் கட்டணம், விடுதி, போக்குவரத்து எல்லாவற்றையும் அரசே ஏற்றிருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே காரணத்தால் இல்லை. அண்ணன் பி.காம். முடித்துவிட்டதால் முதல் பட்டதாரிச் சலுகையும் போயிற்று. நல்ல காலத்தில் வாப்பா எடுத்த முடிவு கஷ்டகாலத்தில் பிள்ளையின் கணக்கில் வந்து விழுந்திருந்தது.

கோடு போட்ட தாளைக் கொடுத்து, என்னென்ன செலவு என்று அவளையே எழுதச் சொன்னேன். படிப்புக் கட்டணம் 55,000. விடுதியும் மெஸ்ஸும் 70,000. தேர்வுக் கட்டணம் போன்றவை 6,000. புத்தகம், வரைபடக் கருவி, லேப் கோட் 7,000. அதோடு பேனாவை மூடிவிட்டாள். “வேற ஒண்ணுமில்ல மாமி.”

“ஊருக்கு வந்து போக பஸ் காசு? மாசாமாசம் சோப்பு, நாப்கின், ரீசார்ஜ்? காய்ச்சல் வந்தா மாத்திரை?”

பெண் தன் உம்மாவைப் பார்த்தாள். உம்மா குரலைத் தாழ்த்தி, “அதையெல்லாம் பள்ளிவாசல் பேப்பர்ல எழுதுவாங்களா லாத்தா?” என்றார். நானே எழுதினேன். பயணம் 3,000. மாதச் செலவு 1,200 வீதம் பத்து மாதத்துக்கு 12,000. மடிக்கணினி இல்லாமல் கணினிப் படிப்பு நடக்காது என்று தயங்கித் தயங்கிக் கடைசியில்தான் சொன்னாள், அது 40,000. மொத்தம் 1,93,000. ரசீதில் இருந்த தொகையைப் போல மூன்றரை மடங்கு.

குர்ஆன் 2:273இல் சொல்லப்படும் ஏழை அந்தத் தாளின் எதிரே உட்கார்ந்திருந்தாள். மானத்தோடு இருப்பதால் விவரம் தெரியாதவர் செல்வந்தர் என்று நினைத்துவிடுகிற, யாரிடமும் வற்புறுத்திக் கேட்காத ஏழை. கேட்டதைக் கொடுத்தோம் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது என்பதே அந்த வசனத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள். கேட்கக் கூசுகிறவளின் தேவையைத் தேடி எழுதுவது கொடுப்பவர்மேல் விழுந்த வேலை.

நம் இமாம்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டிருக்கிறார்கள். ஏழைக்கு ஓராண்டுக்குப் போதுமானதைக் கொடுக்க வேண்டும் என்றார் இமாம் ராஃபிஈ. அரை நூற்றாண்டு கழித்து, 1277இல் மறைந்த இமாம் நவவி ‘மின்ஹாஜ்’ நூலில் அதைத் திருத்தினார்: ஒருவர் சாதாரணமாக வாழும் ஆயுளுக்குப் போதுமானதைக் கொடுங்கள், வருமானம் தரும் சொத்து வாங்கும் அளவுக்கு. தொழில் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலின் கருவியை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும் என்பதும் ஷாஃபி மத்ஹபின் சட்டம். மடிக்கணினியை வேறு எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதைவிட என்னை உலுக்கியது நவவியின் இன்னொரு தீர்ப்பு. உழைத்துச் சம்பாதிக்கக்கூடியவர்தான், ஆனால் வேலைக்குப் போனால் படிப்பு நின்றுவிடும். அப்படிப்பட்ட மாணவர் ஜகாத் பெறலாம் என்கிறார். துணிக்கடையில் நின்றால் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு நான்கு ஆண்டு படிப்பதும் ஒரு செலவுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பேசியது மார்க்கக் கல்வியைப் பற்றி, எஞ்சினியரிங்கைப் பற்றி அல்ல என்று சிலர் மறுப்பார்கள். கல்வி ஃபர்லு கிஃபாயா, அதாவது சமுதாயத்தில் சிலராவது செய்தே தீர வேண்டிய கடமை என்பதே அவர் சொன்ன காரணம். மருத்துவத்தையும் கணிதத்தையும் அதே கடமையில் சேர்த்தவர் அவருக்கு முந்திய இமாம் கஸ்ஸாலி. நம் காலத்தில் யூசுப் அல் கர்ளாவியும் பயனுள்ள கல்விக்காகத் தன்னை ஒதுக்கிக்கொண்டவருக்கு ஜகாத் உண்டு என்றே எழுதினார்.

பத்தாயிரம் போக மீதி 1,83,000க்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? வங்கிக்குத்தான். வங்கிக் கல்விக்கடன் திட்டத்தின் பட்டியலில் கட்டணம், விடுதி, தேர்வு, நூலகம், புத்தகம், சீருடை, கணினி, கல்விச் சுற்றுலாவரை இருக்கிறது. நான்கு லட்சம்வரை கைப்பணம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணையும் இல்லை. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் தகுதியான படிப்புகளுக்கு அதுவரைக்குமான வட்டியை ஒன்றிய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அதற்குப் பிறகு வட்டி அவள் தலையில். வட்டி ஹராம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் வட்டிக்குப் போகாதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் உரிமை, மீதிப் பணத்தைக் கொண்டுவந்து வைப்பவருக்குத்தான் உண்டு. பத்தாயிரத்தோடு அனுப்பிவிட்டு ஹராம் என்று எச்சரிப்பது, பாவத்தின் சுமையையும் அவள் தலையில் ஏற்றுவது. நான்கு ஆண்டு கழித்து அவள் எட்டு வகையில் இன்னொரு வகையாக, கடனாளியாக, இதே குழுவின் முன்னால் வந்து நிற்கக்கூடும்.

பொருளாளர் காக்கா இரக்கமுள்ள மனிதர். “ஒருத்திக்கு முழுசாக் கொடுத்தா மத்தவங்க வெறுங்கையோட போவாங்களே” என்கிறார். நியாயமான கவலை. எல்லோருக்கும் முழுத்தொகை தர நம்மிடம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இல்லை என்பதை முழுக் கணக்கை எழுதிவிட்டுச் சொல்ல வேண்டும். பற்றாக்குறை எவ்வளவு என்று தாளில் இருந்தால், வட்டியில்லாக் கடனாக எவ்வளவு திரட்டலாம், கொழும்பிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் யாரிடம் என்ன கேட்கலாம் என்று பேச முடியும். ஒரே கட்டம் உள்ள படிவத்தில் பற்றாக்குறை தெரியவே தெரியாது. குழுவில் எல்லோரும் கடமை முடிந்தது என்று நிம்மதியாக எழுந்துபோவார்கள்.

விடுதி, பயணம், கருவிகள், மாதச் செலவு, வீட்டில் நின்றுபோகும் சம்பளம் என்று ஐந்து கட்டங்கள் சேர்த்துப் புதுப் படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசிக் கட்டம் வேண்டுமா என்று குழுவில் இன்னும் பேச்சு நடக்கிறது. நவவியின் தீர்ப்பை இமாம் வாசித்துக் காட்டட்டும், அதன் பிறகு முடிவெடுக்கலாம் என்று கேட்டிருக்கிறேன்.