திருவிழாவும் நீர்நிலையும்

சேலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதத் திருவிழாக்கள் தண்ணீரை நம்பி அமைந்தவை. மாரியம்மனுக்குப் பூச்சாட்டி ஊர் பொங்கல் வைப்பது ஆடியில். மாரி என்றாலே மழை. ஆடிப் பதினெட்டில் காவிரிக்குப் படையல். ஆவணியில் களிமண் பிள்ளையாரைக் கும்பிட்டு நீரில் கரைப்பார்கள். கும்பிடப்படும் ஆறும் ஏரியும் பாழ்பட்டுக் கிடக்கும்போது, கொண்டாடுகிறவர் மனத்தில் ஓர் உறுத்தல் எழுகிறது. அது பக்திக் குறைவால் வருவதன்று. சடங்கு எதற்காக ஏற்பட்டது என்று அறிந்தவருக்கே அது அதிகம் உறுத்தும்.

திருமணிமுத்தாறு இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது இந்த ஆறு. கோட்டை மாரியம்மன் கோயில் இதன் கரையில் எழுந்தது. வீட்டுக் கழிவுநீரும் சாயப்பட்டறைக் கழிவும் சேர, நகருக்குள் ஆறு சாக்கடையாகிவிட்டது. ஆடித் திருவிழாவின் கூட்டம் குறையவில்லை. குகை என்ற பகுதியின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கையின் களையும் குறையவில்லை. கோயில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. கால் நனைக்கத்தான் ஆறு இல்லை.

மேட்டூரில் நிலைமை வேறு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்குக் கீழே, ஆடிப் பதினெட்டில் காவிரியின் பெருக்கு மழையோடு மதகையும் பொறுத்தது. நீர் குறைந்த ஆண்டுகளில் பண்டிகைக்கென்றே தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. பெருக்கைக் கண்டு மகிழப் பிறந்த விழா, பெருக்கைக் கேட்டு வாங்கும் விழாவாகிறது.

இந்த உறுத்தலில் இரு வகை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தீர்வு பிடிபடாது. முதல் வகை, விழாவே செய்யும் கேட்டினால் வருவது. களிமண் நீரில் கரைந்து சேறாகும். இன்று சிலைகளுக்குப் பயன்படும் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எளிதில் கரையாது. அதன்மேல் பூசும் ரசாயன வண்ணங்கள் நீரை நஞ்சாக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள் பாரிஸ் சாந்துச் சிலைகளுக்குத் தடை விதித்தன. இங்கே பரிகாரம் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. அச்சில் பிடித்த பச்சைமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் எந்த ஏரிக்கும் பாரமாவதில்லை. சேலத்தின் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புகளில் வாளி நீரில் பிள்ளையாரைக் கரைத்துச் செடிக்கு ஊற்றினாலும், மண் மண்ணில்தான் சேர்கிறது.

இரண்டாம் வகை, விழாவுக்கு வெளியே நடக்கும் கேட்டினால் வருவது. திருமணிமுத்தாற்றைக் கெடுத்தது ஆடி மாதம் அல்ல. பன்னிரண்டு மாதமும் ஓடும் சாக்கடை. பொங்கல் வைக்காமல் இருந்துவிட்டால் ஆறு தெளியப்போவதில்லை. ஆற்றை நினைக்க ஆண்டில் மிஞ்சியிருக்கும் ஒரு நாளும் போய்விடும். ஆனாலும் கொண்டாடியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழை. படையலை ஏற்றுக்கொள்ளும் நீருக்குப் படைப்பவர் கடன்பட்டவர்; அந்தக் கடனை ஒரு நாளில் அடைக்க முடியாது.

அடைக்கும் வழிக்கு ஃபேர்லேண்ட்ஸுக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரி 58 ஏக்கர் பரப்புள்ளது. 2010இல் சேலம் மக்கள் குழு அதைச் சீரமைக்கத் தொடங்கியது. தூர் வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மழைநீர் தேங்கியது, பறவைகள் வந்தன. அந்த வேலைக்கு நாள் நட்சத்திரம் எதுவும் குறிக்கப்படவில்லை.

ஆகவே கொண்டாடுவதா, விடுவதா என்ற கேள்வியை விட, விழா முடிந்த மறுநாள் நீர்நிலை எப்படி இருக்கிறது என்ற கேள்வியே பொருத்தமானது. அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே சடங்கைச் செய்யும்படி நீர் இருந்தால் விழா நிறைவானது. இல்லையென்றால் உறுத்தல் நியாயமானது. அதை அடக்கிவிடாமல் வேலையாக மாற்றுவதும் வழிபாட்டின் பகுதியே.