குரல் முன்னே, இசை பின்னே

ராக் இசையில் பாட்டு பதிவாகும்போது டிரம்ஸ், பேஸ், கித்தார் ஆகியவை பெரும்பாலும் முதலில் ஒலிப்பதிவாகும். பாடகரின் குரல் அதன்மேல் வந்து அமரும். குயீன் என்ற ராக் குழுவின் பெயரில் வந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பமான ‘மேட் இன் ஹெவன்’ இந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

1991இல் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு எய்ட்ஸ் முற்றியிருந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில், மோன்த்ரோ நகரில் குழுவுக்குச் சொந்தமான மவுண்டன் ஸ்டுடியோவில் அவர் பாடிக்கொண்டே இருந்தார். எதை எழுதிக் கொடுத்தாலும் பாடுகிறேன், மீதியைப் பிறகு நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்பதே நண்பர்களிடம் அவர் கேட்டது. நவம்பர் 24 அன்று, 45 வயதில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற கடைசிப் பதிவுகள் ஓர் ஆல்பத்துக்குப் போதவில்லை. குழுவின் மற்ற கலைஞர்களான பிரையன் மே, ரோஜர் டெய்லர், ஜான் டீக்கன் மூவரும் பழைய ஒலிநாடாக்களைத் தேடினார்கள். ‘இட்ஸ் எ ப்யூட்டிஃபுல் டே’ பாட்டின் விதை 1980இல் மியூனிக்கில் பதிவானது. ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’ ஃப்ரெடியின் 1985ஆம் ஆண்டுத் தனி ஆல்பத்திலிருந்து வந்தது. அதன் நடன இசையை அகற்றிவிட்டு, அதே குரலுக்கு அடியில் கித்தாரும் டிரம்ஸும் கொண்ட முழு ராக் இசையைப் புதிதாக வாசித்தார்கள். ‘யூ டோன்ட் ஃபூல் மீ’ பாட்டைத் தயாரிப்பாளர் டேவிட் ரிச்சர்ட்ஸ் துண்டு துண்டான குரல்பதிவுகளிலிருந்து கட்டி எழுப்பினார். ஆகவே, இந்த ஒரே ஆல்பத்தில் ஒரு குரலுக்குப் பத்தாண்டுக்கும் மேல் வயது ஏறுவதைக் கேட்கலாம்.

இவ்வளவு ஒட்டுவேலையிலும் மறைக்காமல் விட்ட ஓர் இடைவெளி ‘மதர் லவ்’ பாட்டில் இருக்கிறது. 1991 மே மாதம், வெறும் டிரம் மெஷின் தாளத்துக்கு ஃப்ரெடி அதைப் பாடினார். கடைசிச் சரணத்துக்கு முன் களைத்துப்போய், ஓய்வெடுத்துவிட்டு வந்து முடிப்பதாகச் சொல்லிச் சென்றார். அதைப் பாட அவர் திரும்பவில்லை. அந்தச் சரணத்தைப் பிரையன் மே பாடினார். ஃப்ரெடியின் சாயலைப் போலி செய்யாமல், தன் மெல்லிய குரலிலேயே பாடினார்.

1995 நவம்பரில் வெளியான ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இதை மிச்சங்களின் தொகுப்பு என்று ஒதுக்குவோர் உண்டு. ஒவ்வொரு பாட்டும் எந்த ஆண்டில் பாடப்பட்டது என்று தெரிந்துகொண்டு ஒருமுறை கேளுங்கள். நண்பன் கேட்டுக்கொண்டதை மூன்று இசைக்கலைஞர்கள் தங்கள் தொழிலாலேயே நிறைவேற்றிய ஆல்பம் இது.