கக்குற பிள்ளை தக்கும்... சரிதானா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற பஸ். ஜவ்வாது மலையின் வளைவுகளில் நமக்கே குமட்டும். நடுவழியில் ஏறிய ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ரெண்டு மாதப் பேரன். ஜன்னலோரம் பிள்ளையின் அம்மா. தடுப்பூசி போடப் போகிறார்களாம். பால் குடித்த பத்தாவது நிமிஷம், பையன் பாட்டியின் தோளில் கக்கினான். நான் பதறிப்போய் கர்ச்சீப்பை நீட்ட, பாட்டி சிரித்தார். ''கக்குற புள்ள தக்கும் தம்பி!''

என் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. சென்னையில் என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு வாய்ப் பால் வெளியே வந்தாலே ஆட்டோ பிடித்து ஓடுவேன். மூன்று டாக்டர், நாலு சிரப். அவளோ கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எடையும் ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தது!

பாட்டி சொன்னதை மருத்துவமும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் கதவு மாதிரி ஒரு தசை உண்டு. பச்சைக் குழந்தைக்கு அது இன்னும் இறுகியிருக்காது. வயிறு சின்னது, உணவு முழுக்கத் திரவம், நாளெல்லாம் படுக்கை. பால் மேலே வராமல் என்ன செய்யும்? நாலாம் மாத வாக்கில் அதிகமாகி, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். இருபது, முப்பது நிமிஷம் நிமிர்த்திப் பிடியுங்கள். தூங்கும்போது மல்லாக்கப் படுக்கவையுங்கள். அவ்வளவுதான்.

ஆனால், நம்மால் சும்மா இருக்க முடிகிறதா? அந்தக் காலத்தில் குடலேற்றம் என்று பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினோம். பிறகு மருந்துக்கடைக்கு ஓடினோம். குழந்தைகள் கக்குவதற்கு சிசாப்ரைடு என்றொரு மருந்து தாராளமாகக் கொடுக்கப்பட்டது. அது இதயத் துடிப்பையே குலைக்கும் என்று தெரிந்து, 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். 2011-ல் இந்தியா தடை செய்தது. பதற்றம் நமக்கு... மருந்து குழந்தைக்கா?

'சில நேரம் சும்மா இருப்பதும் அன்புதான்' என்று இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். பாட்டி விடவில்லை.

''என் மொதப் புள்ளயும் கக்குச்சு தம்பி. பச்சை பச்சையா. எங்க மாமியாரும் இதையேதான் சொன்னாங்க. மறுநாள் டோலி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். அடிவாரம் வர்றதுக்குள்ள...''

அதற்கு மேல் பேசவில்லை.

அதே பழமொழிதான். வெள்ளையாக வந்தால் தைரியம் கொடுக்கும். பச்சையாக வந்தாலோ அது பித்தம், குடல் அடைபட்டிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் கலந்து வந்தாலும், ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடித்தாலும், மூச்சுத் திணறினாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். எடை ஏறாவிட்டாலோ, முதுகை வளைத்து வீறிட்டுப் பால் குடிக்க மறுத்தாலோ, டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

நான் பி.காம். படித்தவன். வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கிவை என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். பொறுமைக்கும் அப்படி ஒரு ஒதுக்கீடு வேண்டும். சென்னையில் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. தப்பாகக் காத்திருந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. ரோடு சரியில்லாத மலைக் குடிசையில் அதே பொறுமை சூதாட்டம். அவர்களைப் பார்த்து 'பதறாதே' என்று உபதேசிக்க நமக்கு என்ன யோக்கியதை? எப்போது பதறவேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். பதறினால் ஓடுவதற்கு ஒரு ரோடும் போட்டுத்தர வேண்டும்.

ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது, அதுவரை பேசாமல் வந்த அந்தப் பெண் சொன்னாள்: ''பச்சையா வந்தா உடனே தூக்கிட்டு வரணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்கண்ணே.''

பாட்டி தலையாட்டினார்.

உங்கள் வீட்டிலும் யாராவது அந்தப் பழமொழியைச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். இதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.